சுவரில் மாட்டிய அந்தோ

அத்தியாயம் 4

“பேய்க்கு எதுக்குடா குடை?”

இன்சூரன்ஸ் அக்கா வீட்டின் கேட்டைத் தாண்டிப் போய் ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உதவியாளன் வத்தி கேட்டுக்கு உள்பக்கமே நின்றுகொண்டான். வெளியே என்ன இருந்தாலும் சரி, தனக்கும் அதற்கும் நடுவில் ஒரு தாழ்ப்பாள் இருக்கட்டும் என்பது அவன் எண்ணம்.

“மழைக்காலப் பேயா இருக்கும்க்கா. சளி பிடிச்சுக்குமேன்னு எடுத்துட்டு வந்திருக்கும்.”

“வந்து பாரு.”

“இங்கேருந்தே நல்லாத் தெரியுது.”

“வத்தி!”

அந்தக் குரலுக்கு மறுபேச்சு கிடையாது. வத்தி தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தான். மதிலோரம், மரத்தடியில், விரல் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். எல்லாம் ஒரே இடத்தில், கோழி கொத்தியது மாதிரி. சில குழிகள் மழையில் கரைந்து வாய் அகன்று கிடந்தன. சில இன்னும் கூராகவே இருந்தன. மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு யாரோ இங்கே நிற்கிறார்கள். ஒருநாள் நின்ற அடையாளம் இல்லை இது.

“மனுஷன்தான். பயப்படாதே” என்றாள் அக்கா.

“பயமா, எனக்கா?” என்று சொல்லிக்கொண்டே தலையை நிமிர்த்திய வத்திக்கு முதுகு சில்லிட்டது.

குழிகளுக்கு நேர் எதிரே வீட்டின் ஜன்னல். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு கிழவியின் முகம். அது அக்காவைப் பார்க்கவில்லை, வத்தியையும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

வத்தி தன்னையறியாமல் ஒரு அடி நகர்ந்து அந்த இடத்துக்கு வழிவிட்டான்.

*

வீட்டுக்குள் கிழவியின் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்ப்பவள். இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவை வரவழைத்திருந்தாள்.

“குழியெல்லாம் சரிதான் மேடம். ஆனா அண்ணன்கிட்ட காட்டினா, மழைக்கு ஒதுங்கி எவனாவது நின்னிருப்பான்னு சொல்லிடுவாரு. யாரோ நிக்கிறாங்கன்னு அம்மா சொல்லியிருந்தா பரவாயில்லையே. அப்பா நிக்கிறாருன்னுல்ல சொன்னாங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“போன மாசக் கடைசியில. பொழுது சாயற நேரம். ‘உங்கப்பா வந்து நிக்கிறாரு, கதவைச் சாத்து’ன்னு ஒரே கத்தல். நான் ஓடிப்போய்ப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. அடுத்த நாளும் அதே. அண்ணன் டாக்டர்கிட்ட காட்டினாரு. வயசானா இப்படி ஆகும், தனியா விடாதீங்கன்னுட்டாங்க. ஊருக்கு வெளியே ஒரு காப்பகம் இருக்காம். இன்னைக்குச் சாயங்காலம் காரை எடுத்துட்டு வர்றாரு.” அவள் மறுபடி நகத்தைக் கடித்தாள். “அங்க போனவங்க யாரும் திரும்பி வந்ததா நான் கேள்விப்பட்டதில்ல மேடம். அம்மாவுக்குப் பைத்தியம் இல்லைன்னு இன்னைக்குள்ள காட்டணும். முடியுமா?”

“அப்பா உயிரோட இருக்காருன்னு காட்டினா முடிஞ்சுபோச்சு” என்றான் வத்தி.

மகள் சுவரைக் காட்டினாள்.

அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள், பழுப்பேறிய ஒரு பத்திரிகைத் துண்டு மாட்டியிருந்தது. மேலே ஆள் அசந்துபோகிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல். அந்தோ! அதற்குக் கீழே கறுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே மில்லில் எடைக் குமாஸ்தாவாக இருந்த அவள் அப்பாவின் பெயர், வெளியூருக்குப் போன இடத்தில் படகு கவிழ்ந்தது, ஆற்று வெள்ளம் அவரைக் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை, மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று ஒரு பத்தி.

“அப்ப எனக்கு ஆறு வயசு. அண்ணனுக்குப் பத்து. இதைப் பார்த்துத்தான் நான் படிக்கவே கத்துக்கிட்டேன்” என்றாள் மகள்.

அக்கா சட்டத்துக்கு மிக அருகில் போய் நின்றாள். பதினைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள் அவள். பணத்துக்காகச் செத்துப்போனவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, காதைப் பிடித்து இழுத்து வருவதுதான் அங்கே அவளுடைய வேலை. சாவு என்றால் அவள் முதலில் சந்தேகப்படுவாள், பிறகுதான் வருத்தப்படுவாள்.

“இறப்புச் சான்றிதழ் இருக்கா?”

“எடுக்கல. உடம்பே கிடைக்கலையே.”

“மில்லுலேருந்து ஏதாவது வந்துச்சா? இன்சூரன்ஸ்?”

“அம்மா எதையும் கேட்டுப் போகல. இந்தத் துண்டு மட்டும்தான். வெளியூர்ப் பதிப்புல வந்துச்சுன்னு அம்மா சொல்லுவாங்க.”

“ம்” என்றாள் அக்கா. அவளுடைய ‘ம்’களை வத்தி நன்றாக அறிவான். இது பசிக்குப் போடுகிற ‘ம்’ இல்லை.

அவள் ஜன்னலோரம் போய்க் கிழவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, நேத்து வந்தாரா?”

“யாரும்மா?”

“அங்க நிக்கிறவரு.”

“அங்க யாரும் நிக்கலையே.” அம்மாவின் குரலில் தடுமாற்றமே இல்லை. “என்னவோ அன்னைக்கு உளறிட்டேன். பையன் கூப்பிடற இடத்துக்கு நான் போறேன். வம்பு பண்ண மாட்டேன். நீங்க கிளம்புங்க, மழை வரும்.”

பேசி முடித்ததும் முகம் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது, யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி.

வெளியே வந்ததும் வத்தி மூச்சை விட்டான். “யாரும் இல்லைன்னு சொல்லிட்டு அங்கேயே பார்க்கறாங்களே. இருக்குன்னு சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.”

“அதேதான்டா” என்றாள் அக்கா. “பைத்தியம்னா இருக்குன்னு அடம் பிடிக்கும். இவங்க இல்லைன்னு அடம் பிடிக்கறாங்க.”

*

அந்தப் பத்திரிகை நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய இதழ்கள் நகராட்சி நூலகத்தின் பின்னறையில், ஆண்டுவாரியாகத் தைத்த கட்டுகளாகக் கிடந்தன. நூலகர் விளக்கைப் போட்டுவிட்டு, “கரப்பான் பூச்சி இருக்கும், கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அறைக்குள் செத்துப்போன காகிதத்தின் மணம். கூரைத் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம், யாரோ மேலே மெதுவாக நடப்பது போலக் கேட்டது.

துண்டில் இருந்த தேதியின் இதழை வத்தி முதலில் தேடி எடுத்தான். நான்கு பக்கமும் புரட்டினான். படகும் இல்லை, ஆறும் இல்லை. துண்டு இருந்திருக்க வேண்டிய மூலையில் ஒரு பெண் சோப்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“வெளியூர்ப் பதிப்புன்னாங்களே, அதுல இருக்கும்.”

“இருக்கட்டும். தேதியை விடு. அந்தத் தலைப்பைத் தேடு.”

“எந்தத் தலைப்பு?”

“அந்தோ. எங்கெங்க போட்டிருக்காங்கன்னு எல்லாத்தையும் படி. சத்தமாப் படி.”

கிடைக்காதோ என்று நினைத்தான். ஆனால் தடுக்கி விழுந்த இடமெல்லாம் அந்தோவாக இருந்தது.

“அந்தோ! சந்தைக்கு வந்த தக்காளி லாரி பள்ளத்தில் சாய்ந்தது. உதவிக்கு ஓடிவந்த பொதுமக்கள் பை நிறைய உதவிவிட்டுச் சென்றனர்.” வத்திக்குச் சிரிப்பு வந்தது. “அக்கா, இது சாவு வீட்டுச் சொல் இல்லையா?”

“படி.”

“அந்தோ! நமது கால்பந்து அணி மீண்டும் தோற்றது. அந்தோ! நகராட்சி மணிக்கூண்டு நின்றது. ஊழியர்கள் யாவரும் சரியான நேரத்துக்கே வந்ததாகச் சாதிக்கின்றனர். அந்தோ! குடைக் கண்காட்சி மழையால் ரத்து. அந்தோ! மேடை சரிந்தது, பேச்சாளர் உயிர் தப்பினார், மேலும் ஒரு மணி நேரம் பேசினார். அந்தோ! சினிமாக் கொட்டகையில் கடைசி ரீல் எரிந்தது. கதாநாயகியை யார் மணந்தார் என்று அறியாமல் ரசிகர்கள் வீடு திரும்பினர்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

“இப்ப மனுஷங்க செத்த செய்தியை எடு.”

அதுவும் நிறைய இருந்தது. மில்லில் தீப்பிடித்துத் தொழிலாளிகள் செத்திருந்தார்கள். பள்ளிக்கூடச் சுவர் இடிந்து விழுந்திருந்தது. ஒரு வாத்தியார், ஒரு மருத்துவச்சி, ஒரு தபால்காரர். எல்லாவற்றுக்கும் சின்ன எழுத்தில் ஒரே தலைப்புதான். காலமானார். காலமானார். காலமாயினர். ஒரு ஆச்சரியக்குறிகூடக் கிடையாது. வத்தியின் குரல் தானாகவே இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவன் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

“அந்தோவுக்குக் கீழே ஒரே ஒரு பிணத்தைக் காட்டு, பார்க்கலாம்” என்றாள் அக்கா.

வத்தி தேடினான். கட்டு மாற்றி, வருஷம் மாற்றித் தேடினான். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிற்று.

“இல்லக்கா. ஒண்ணுகூட இல்ல. தக்காளிதான் செத்திருக்கு.”

“அப்ப அந்த வீட்டுச் சுவர்ல இருக்கறது?”

மேலே தகரத்தில் நடந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. தூறல் விட்டிருந்தது. வத்திக்கு ஏனோ அந்தச் சட்டம் கண்ணுக்குள் வந்தது. ஊரே சிரிப்பதற்கு வைத்திருந்த ஒரு சொல்லைப் பார்த்து இரண்டு குழந்தைகள் இத்தனை வருஷமாக அழுதிருக்கின்றன.

செல்போனில் எடுத்துவந்த படத்தைக் கட்டின் பக்கத்தில் வைத்து அக்கா ஒப்பிட்டாள். “தோ பாரு, இந்தத் தலைப்பு முழுசும் ஒரே மரக்கட்டையில செதுக்கினது. ஆச்சரியக்குறியோட புள்ளியில ஒரு மூலை உடைஞ்சிருக்கு. தக்காளியிலயும் உடைஞ்சிருக்கு, படகுலயும் உடைஞ்சிருக்கு. ஆக, அச்சு அவங்களோடது. வழக்கம் மட்டும் அவங்களோடது இல்ல. வெளியாள் ஒருத்தர் எழுதிக் கொடுத்து, உள்ளாள் ஒருத்தர் அடிச்சுக் கொடுத்திருக்கணும்.”

“அப்பன்காரன்தான்! ஓடிப்போறதுக்கு முன்னாடி தன்னோட சாவைத் தானே அடிச்சு வீட்டுக்குப் போட்டுட்டான். எவ்வளவு பெரிய கேடி!”

“இருக்கலாம்” என்றாள் அக்கா. அவளுடைய ‘இருக்கலாம்’ என்றால் இல்லை என்று அர்த்தம்.

*

பத்திரிகையின் பழைய ஃபோர்மேன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பில் புக்கும் விசிட்டிங் கார்டும் அடித்துக்கொண்டிருப்பதாக நூலகர் சொன்னார். நல்ல தாட்டியான கிழவர். அவர் உட்கார்ந்த பிறகு அந்தக் கடையில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. வத்தி வாசற்படியிலேயே நின்றான்.

அக்கா செல்போனை நீட்டினாள். அவர் பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணை எடுத்துக்கொண்டார்.

“எங்களோடது இல்ல.”

“வெளியூர்ப் பதிப்புங்கறாங்களே.”

“பதிப்பா?” கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஒரே ஒரு மெஷின்மா. அதையும் ரெண்டு பேர் பிடிச்சுத் தள்ளினாத்தான் ஓடும். உள்ளூருக்கே மத்தியானம்தான் பேப்பர் போகும். இதுல வெளியூர்ப் பதிப்பு வேறயா!”

“நானும் அதான் நினைச்சேன் ஐயா” என்றாள் அக்கா பணிவாக. “உங்க ஆபீஸ்ல இவ்வளவு தப்பா அடிச்சிருக்க மாட்டாங்க.”

மெஷினில் தாள் வைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “என்ன தப்பு?”

“மனுஷன் செத்ததுக்கு அந்தோன்னு போட்டிருக்கே. தக்காளிக்குப் போடறதை இதுக்குப் போட்டிருக்கான். எவனோ விவரம் தெரியாத ஆளு.”

“யாருக்கும்மா விவரம் தெரியாது?” கிழவர் எழுந்தே விட்டார். கடை ஆடியது. “எனக்கா? அந்த ஆபீஸ்ல எழுத்துக் கோத்துக் கோத்து என் கட்டைவிரல் தேய்ஞ்சு கிடக்கு, பாரு! எங்க ஆசிரியர் என்ன சொல்லுவாரு தெரியுமா? ‘தக்காளி கொட்டினா கத்துங்கய்யா. மனுஷன் செத்தா குரலைத் தாழ்த்துங்க’ம்பாரு. புதுசா வந்த நிருபர் ஒருத்தன் சாவுக்கு அந்தோன்னு எழுதிட்டான். அந்தத் தாளைக் கிழிச்சு அவன் டீயிலயே போட்டாரு. அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான்...”

நிறுத்திவிட்டார். ஆனால் தாமதம். வார்த்தை வெளியே வந்துவிட்டது.

அக்கா அவசரப்படவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “தெரிஞ்சுதான் போட்டீங்க.”

கிழவர் மெஷினை அணைத்தார். கடைக்குள் திடீரென்று தெருவின் சத்தமெல்லாம் வந்து நிறைந்தது.

“அந்தம்மா இன்னும் இருக்கா?” என்றார்.

“எந்தம்மா?” என்றான் வத்தி. “வந்தது புருஷன்காரர்தானே?”

“அவன் எங்கடா வந்தான்? அவன் வேற ஊர்ல வேற குடும்பம்னு போய் ஒரு வருஷம் ஆகியிருந்துது. இனிமே வரமாட்டேன்னு ஆள் விட்டும் சொல்லிட்டான். வந்தது பொண்டாட்டி. நல்ல மழை. கையில ஒரு சின்னப் பொண்ணு, உதடெல்லாம் குளிர்ல நீலமா இருந்துச்சு.”

வத்தி வாசற்படியிலிருந்து ஒரு காலைக் கடைக்குள் எடுத்து வைத்தான்.

“என்ன கேட்டுச்சு தெரியுமா? ‘ஐயா, பொழுது சாய்ஞ்சா பிள்ளைங்க ரெண்டும் கேட்டுகிட்ட போய் உக்காந்துக்குது. மழையானாலும் எழுந்திருக்க மாட்டேங்குது. பெரியவன் சாப்பிடறதே இல்ல. அப்பா வரமாட்டாருன்னு சொன்னா நம்பல. செத்துட்டாருன்னா அழுதுட்டு எழுந்திருச்சிடும். அதுக்கு எனக்கு ஒரு தாள் வேணும்’னுச்சு.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “படகு, ஆறு எல்லாம் அதுவே எழுதிக் கொண்டுவந்திருந்துச்சு. மேல காலமானார்னு. நான் முடியாதுன்னுட்டேன். உயிரோட இருக்கறவனுக்கு அந்த எழுத்தை என் கையால கோக்க மாட்டேன். அழுதுச்சு. அந்தக் குட்டி என்னையே பார்த்துச்சு. சரி, தலைப்பை மட்டும் நான் போடறேன்னேன். அந்தோ கட்டையை எடுத்து வச்சேன். எங்க வழக்கப்படி அதுக்குக் கீழ யாரும் சாகல. என் மனசுக்கு நான் பொய் சொல்லல. அந்தம்மாவுக்கும் தாள் கிடைச்சுது.”

“அவங்களுக்கு இது தெரியுமா?” என்றாள் அக்கா.

“எதுக்குச் சொல்லணும்? பெரிய எழுத்தைப் பார்த்துட்டு ‘ரொம்ப நல்லா இருக்குங்கய்யா’ன்னு கும்பிட்டுட்டுப் போச்சு.”

திரும்பி வரும் வழியெல்லாம் வத்தி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. தெருமுனை வந்ததும்தான் கேட்டான். “அப்ப அவரு உயிரோட இருக்காருன்னு அந்தம்மாவுக்கு எப்பவுமே தெரியும். அதைச் சொன்னா காப்பகத்துக்குப் போக வேண்டாம். பின்னே ஏன் வாயைத் திறக்கல?”

“திறந்தா பிள்ளைங்க அழுததெல்லாம் பொய்யாயிடும். அதுக்குப் பைத்தியம்னு பேர் வாங்கிட்டுப் போயிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க.”

*

வீட்டு வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. விளக்குப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரம்.

“நான் உள்ளே போய் மகனைப் பிடிச்சு வைக்கிறேன். நீ வெளியே மதிலோரமா நில்லு. வந்தா விட்டுடாதே” என்றாள் அக்கா.

“பிடிக்கப் போற கை அவருக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்துடுச்சுன்னா?”

“குடையைப் பிடிச்சுக்கோ. அது நிஜம்.”

வத்தி மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டான். ஜன்னல் வழியே உள்ளே நடப்பது அரைகுறையாகக் காதில் விழுந்தது. “போதும் மேடம், இதுக்கு மேல என் தங்கச்சிய ஏமாத்தாதீங்க” என்று ஒரு ஆண் குரல். “இன்னும் கொஞ்ச நேரம்” என்று அக்காவின் குரல். “நான் கிளம்பிட்டேன்ப்பா, பையை எடு” என்று அம்மாவின் குரல். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு வத்தியின் கழுத்துக்குள் இறங்கி முதுகுவரை போயிற்று.

அவன் திரும்பியபோது அந்த இடத்தில் ஆள் இருந்தது.

எப்போது வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, தெரியவில்லை. காலடி கேட்கவில்லை. ஒல்லியான, நரைத்த உருவம். குடையை மண்ணில் ஊன்றி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து நின்றது. வத்தியின் கால் ஓடச் சொன்னது. கை மட்டும் எப்படியோ நீண்டு குடையைப் பிடித்துக்கொண்டது. ஈரமான, சாதாரணத் துணி.

“யாரு நீங்க?” என்றான். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

கிழவர் திமிறவில்லை. “இந்த வீட்டுல ஒருத்தர் செத்துட்டாரு” என்றார். “அவருதான்.”

வத்தி குடையை விடாமலே ஒரு அடி பின்வாங்கினான்.

“பயப்படாதே தம்பி. எனக்கே போன மாசம்தான் தெரியும். பழைய மில் ஆள் ஒருத்தன் என்னைப் பார்த்துட்டு அலறிட்டு ஓடினான். பிடிச்சு விசாரிச்சேன். படகுல போயிட்டேனாம். இங்க வந்து பார்த்தா ஜன்னல் வழியாச் சுவர்ல தெரியுது, என் சாவு.”

“உள்ள போக வேண்டியதுதானே?”

“எப்படிப் போறது? எல்லாரும் அழுது முடிச்சுட்டாங்க.” அவர் குடைப்பிடியைத் தடவினார். “அந்தக் குடும்பமும் இப்ப இல்ல. தனியாத்தான் இருக்கேன். சும்மா பார்த்துட்டுப் போவேன். அவ என்னைப் பார்த்துட்டா. அதுக்கப்புறம் வராம இருக்க முடியல.”

கதவு திறந்தது.

மகன் ஒரு கையில் பையும் மறு கையில் அம்மாவுமாக இறங்கி வந்தான். பின்னாலேயே அழுதுகொண்டு மகள். அவளுக்குப் பின்னால் அக்கா. கேட் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். அம்மா மட்டும் நிற்கவில்லை. தரையைப் பார்த்தபடி காரை நோக்கி நடந்தாள்.

“அங்க யாரும் இல்ல. வா, போலாம்” என்றாள் மகனிடம். அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள். “யாரும் இல்லப்பா. வண்டியை எடு.”

“அண்ணா” என்றாள் மகள் மெதுவாக. “அம்மாவுக்குத்தான் யாரும் தெரியல. எனக்குத் தெரியுது.”

மகன் பையை நழுவவிட்டான். பெரிய மீசை வைத்த, தொந்தி விழுந்த மனிதன் அவன். அவனுடைய வாயிலிருந்து ஒரு சின்னப் பையனின் குரல் வந்தது.

“அப்பா.”

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. குடை வைத்திருந்தவரும் அதை விரிக்கவில்லை.

மகன் அக்காவின் பக்கம் திரும்பினான். “அப்ப அந்தப் பேப்பர்? அது யார் செஞ்ச வேலை?”

அக்கா வாயைத் திறக்கவில்லை. கண்டுபிடித்ததைச் சொல்லாமல் அவள் நின்றதை வத்தி அதுவரை பார்த்ததேயில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“நான்தான்” என்றாள் அம்மா. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீ சாப்பிடல. இவ மழையில உக்காந்திருந்தா. எனக்கு வேற ஒண்ணும் தோணல.”

“நான் ராத்திரியெல்லாம் கத்துவேன்ம்மா. தண்ணியில இருக்கேன்னு கத்துவேன். நீ பக்கத்துல படுத்திருந்தே.”

“ஆமா.”

“தெரிஞ்சே படுத்திருந்தே.”

“ஆமாப்பா.”

மகள் இருவருக்கும் நடுவில் வந்தாள். கிழவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரிய அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. “அம்மா, அவரை உள்ள கூப்பிடட்டுமா?”

அம்மா அப்போதுதான் தலையைத் தூக்கினாள். நேராக அவரைப் பார்த்தாள். வீட்டைக் கட்டிக் காத்த ஒருத்தி, விலாசம் தவறி வந்தவரைப் பார்ப்பது போல இருந்தது.

“வேண்டாம்” என்றாள்.

கிழவர் தலையை ஆட்டினார். அதைத்தான் எதிர்பார்த்து வந்தவர் போல. அவர் திரும்பி நடக்கப் போனபோது மகன் கார்க் கதவைத் திறந்தான்.

“ஏறுங்க. பஸ் ஸ்டாண்டுல விடறேன்.”

“நீ... பெரியவன் இல்ல?”

“பெரியவன்தான். பத்து வயசுலேருந்தே பெரியவன்தான்.” அவன் கீழே கிடந்த பையை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தான். “இதை உள்ள கொண்டுபோய் வை. துணியெல்லாம் நனையுது.” பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே, “நாளைக்கு வர்றேன். உன்கூடச் சண்டை போடணும்” என்றான்.

“வா” என்றாள் அம்மா.

ஒருத்தரைக் கூட்டிப்போவதற்காக வந்த கார், வேறொருத்தரைக் கூட்டிக்கொண்டு போயிற்று. பின்விளக்கின் சிவப்பு தெருத் தண்ணீரில் நீளமாக இழுபட்டு, முனை திரும்பியதும் அறுந்தது.

வத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஜெயிச்சுட்டோம்க்கா” என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஒரு சத்தம் கேட்டது. முதலில் ஏதோ பிராணி என்று நினைத்தான். அம்மா கேட்டைப் பிடித்தபடியே மண்ணில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். அடிவயிற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது அந்த அழுகை. மகள் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

வத்தி பதறிப்போய் அவர்கள் பக்கம் நகர்ந்தான். அக்கா அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வாடா, போலாம்.”

“அழறாங்கக்கா...”

“ஆமாண்டா. இத்தனை வருஷமா அந்த வீட்டுல அவங்க ஒருத்தருக்குத்தான் அவரு சாகல.” அவள் குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள். “இப்பத்தான் செத்திருக்காரு. நாம நிக்கக் கூடாது.”